சாமிக்கு இனிஷியல் கிடையாது

"வேன தேய்க்கக் குடுக்கப் போறேம்மா," என்றான் ஜீவன்.

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "தேய்க்கிறதுக்கு அது என்ன பித்தளைக் குடமா?"

"பாலிஷ்மா. நீலக் கலர்ல வாங்குன வேனு, இப்ப பாருங்க, சாம்பல் பூசுன மாதிரி நிக்குது. பூச்சோங்ல புது கிச்சன் தொறக்கறப்ப இந்த மூஞ்சியோட போய் நிக்க முடியுமா?"

"உங்கப்பா வாங்குன நாள்லேர்ந்து வெயில்லதான் நிக்குது. கிள்ளான் வெயிலு உனக்குத் தெரியாததா?"

"தெரிஞ்சுதான் தேய்க்கக் குடுக்கிறேன்."

என் மருமகள் ஷாமினி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் பேச்சு மெத்தை மாதிரி. உட்கார்ந்த பிறகுதான் உள்ளே ஊசி இருப்பது தெரியும்.

"அப்படியே பேரையும் மாத்திரலாம்னு பாக்கிறோம் அத்தே. ஜே.எஸ். கேட்டரிங். சின்னதா, இங்கிலீஷ்ல. பூச்சோங்ல சீனவங்க, மலாய்க்காரவங்கல்லாம் ஆர்டர் குடுப்பாங்க. தனலெட்சுமின்னா அவங்க வாயில நுழையாது."

"ஜே. யாரு, எஸ். யாரு?"

"ஜீவன், ஷாமினி." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

"அப்ப நான்?"

"நீங்க ரெஸ்ட் எடுங்கத்தே. மசாலா மட்டும் இங்கேர்ந்து அரைச்சுக் குடுத்துட்டா போதும். உங்க கை இல்லாம முடியுமா?"

கை வேண்டும், பெயர் வேண்டாம். அவள் சொன்னதை நான் அப்படித்தான் கேட்டேன்.

ஜீவன் பிறப்பதற்கு முன்பே அந்த வியாபாரம் பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நான் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், விற்றுக்கொண்டிருந்த காலத்தில் என் வீட்டுக்காரர் கமலநாதன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டினார். பிறகு என்னைக் காதுகுத்துக்கும் கருமாதிக்கும் சமைக்கக் கூப்பிட்டார்கள். சட்டி பெருத்தது. அவர் துறைமுகத்தை விட்டுவிட்டு என்னோடு வந்தார். அந்த நீல வேனை வாங்கினார். லைசன்ஸ், பேங்க், முனிசிப்பல் எல்லாவற்றையும் தன் பெயரில் எடுத்துக்கொண்டார். எனக்கு வேனின் இடது பக்கம் கிடைத்தது. இழுக்கும் கதவு முழுக்க வெள்ளை எழுத்தில் 'தனலெட்சுமி கேட்டரிங்' என்று ஒட்டினார். முன்கதவில் கை நிறையக் காசு கொட்டுகிற தனலெட்சுமி சாமி படம். போன வருஷம் மாரடைப்பில் அவர் போய்விட்டார். லைசன்ஸ் மகன் பெயருக்கு மாறியது. இப்போது வேனின் இடது பக்கத்துக்கும் ஆள் வந்துவிட்டது.

"அது என் பேருடா ஜீவா," என்றேன்.

"மா, அது சாமி பேரு."

"யாரு சொன்னா?"

"அப்பாதான். செகண்டரி படிக்கிறப்ப பசங்க என்னைக் கிண்டல் பண்ணுனாங்க. ஏம்ப்பா அம்மா பேர வேன்ல போட்டீங்கன்னு கேட்டேன். 'டேய், அது உங்கம்மா இல்லடா, தனம் குடுக்கிற சாமி. பக்கத்துலயே படம் இருக்கு, கண்ணு தெரியல?' அப்படின்னாரு."

"அழுவுற பிள்ளையைச் சமாதானப்படுத்தச் சொல்லியிருப்பாரு."

"இருக்கலாம். ஆனா படம் இருக்குல்ல? சாமி படம், பக்கத்துல சாமி பேரு."

"படம் பின்னால வந்தது. மொதல்ல அந்த எடத்துல இனிஷியல் இருந்துச்சு. 'க'ன்னா, பக்கத்துல புள்ளி வச்ச 'க'. க. தனலெட்சுமி. கமலநாதன் பொண்டாட்டி தனலெட்சுமின்னு அர்த்தம்."

"உங்க ஐசில ஏ.பி. சபாபதின்னுதானே இருக்கு? உங்களுக்கு ஏதும்மா இனிஷியலு?"

அவன் சொன்னது சரிதான். இந்த நாட்டு அடையாள அட்டையில் நான் சாகிறவரை சபாபதி மகள். கல்யாணம் ஆனதெல்லாம் அதில் ஏறாது. உலகத்தில் நான் க. தனலெட்சுமியாக இருந்தது அந்த வேனின் கதவில் மட்டும்தான்.

"மழையில உரிஞ்சு விழுந்துட்டுன்னு உங்கப்பா சொன்னாரு. அதுக்கப்பறந்தான் ப்ரிக்ஃபீல்ட்ஸ் போயி சாமி படம் வாங்கியாந்து அந்த எடத்துல ஒட்டுனாரு."

"போட்டோ ஏதாச்சும் இருக்கா?"

"ஆல்பமெல்லாம் வெள்ளத்துல போனத நீதானடா வாரிக் கொட்டுன?"

ஷாமினி என் தோளில் கை வைத்தாள். "வயசாச்சுன்னா நடக்காததும் நடந்த மாதிரியே இருக்கும் அத்தே. எங்க பெரியம்மாவுக்கும் அப்படித்தான்."

"உங்க பெரியம்மாவ விடும்மா. சாமிக்கு இனிஷியல் கிடையாது. நான் சொல்றது அவ்வளவுதான்."

ஜீவன் சிரித்தான். "சரி. அப்படி ஒரு எழுத்து இருந்துச்சுன்னு யாராச்சும் காட்டட்டும். நான் பேர மாத்தல. பூச்சோங்லயும் தனலெட்சுமி கேட்டரிங்தான். போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியமாலா. விடுங்கம்மா."

பேச்சுக்கு வால் மாதிரி ஒட்டுகிற 'லா' போட்டுச் சொன்ன சத்தியம். நான்தான் லாவை விட்டுவிட்டுச் சத்தியத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பட்டறை மேருவில், தொழிற்பேட்டைக்குள் இருந்தது. "நீங்க எதுக்கும்மா அங்க, ஒரே தூசி," என்றான் ஜீவன். "என் பேர எங்க கொண்டுபோய் இறக்குறேன்னு நான் பாக்க வேணாமா?" என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே வேலை செய்தவர் தமிழ்நாட்டுக்காரர். முகமது ரஃபீக் என்று பெயர் சொன்னார். நாற்பதை ஒட்டிய வயது, கையெல்லாம் காய்ப்பு, வாய் ஓயாத மனிதர். எனக்கு ஒரு நாற்காலியைத் தூசி தட்டி நிழலில் போட்டார்.

"எந்த ஊரு தம்பி?"

"தொண்டிப் பக்கம்மா. நீங்க?"

"நான் இங்கதான் பொறந்தேன். இந்த வேனுக்கு நான்தான் சொந்தக்காரி."

வாசலில் போன் பேசிக்கொண்டிருந்த ஜீவன் திரும்பிப் பார்த்தான்.

ரஃபீக் வேனைக் கழுவிவிட்டு, ஈரத் துணியால் முன்பக்கத்தை ஒரு தடவு தடவினார். தடவின இடம் மட்டும் கருநீலமாக மின்னியது. வேன் வந்த புதிதில் நான் பார்த்த அதே நீலம். காய்ந்ததும் மறுபடி சாம்பலாகிவிட்டது.

"பாத்தீங்களாம்மா? கலரு உள்ளதான் இருக்கு. மேல இருக்கிறது செத்த தோலு. அத எடுத்துட்டா போதும்."

"தண்ணி பட்டதும் எளசாயிட்டாளே."

"குளிச்சா எல்லாருமே ஒரு பத்து வயசு கொறைஞ்சுதாம்மா தெரிவோம்."

பிறகு மாவு மாதிரி எதையோ தடவி, மெஷினை வைத்து மூலையில் கொஞ்சம் தேய்த்துக் காட்டினார். துணியெல்லாம் நீலம்.

"என்னா தம்பி, சாயம் போவுதே."

"போகணும்மா. இது பழைய மாடல் பெயிண்டு. மேல கண்ணாடி மாதிரி இன்னொரு பூச்சு கிடையாது. தேய்ச்சா கலரே துணிக்கு வரும். பயப்படாதீங்க, பாக்கி இருக்கு. ஆனா ரொம்பத் தேய்க்கக் கூடாது. அடிப்பூச்சு வெள்ளை தெரிஞ்சுரும்."

"அளவாத்தான் தேய்க்கணும்னு சொல்லு."

"பொண்டாட்டிகிட்ட கோவப்படுற மாதிரி," என்றார். அவர் பொண்டாட்டி தொண்டியில் இருந்தாள். போனில்தான் கோபப்படுகிறாராம்.

அடுத்து ஸ்டிக்கர். தலைமுடி காயவைக்கிற மாதிரி ஒரு சூட்டு மெஷினைக் காட்டி, நகத்தால் ஓரத்தை எழுப்பி, ஒவ்வொரு எழுத்தாக உரித்தார். 'த' வந்தது. 'ன' வந்தது. காய்ந்த அப்பளம் மாதிரி நொறுங்கிக் கீழே விழுந்தன. நான் பார்க்காமல் இருக்க நினைத்தேன். ஆனால் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

எல்லாம் உரித்த பிறகு ஜீவன் கிட்டே வந்தான். "என்னா பாஸ், எடுத்தும் பேரு அப்படியே இருக்கு?"

இருந்தது. வெள்ளை எழுத்து போன இடத்தில் கருநீல எழுத்து. சாம்பல் கதவில் 'தனலெட்சுமி கேட்டரிங்' முன்னைவிடத் தெளிவாக நின்றது.

"அது நிழல்ண்ணே. ஸ்டிக்கர் மறைச்ச எடத்துல வெயில் படல. அதனால அந்த எடம் வெளுக்கல. சுத்தி வெளுத்துருச்சு. தேய்ச்சா சமமாயிரும், தெரியாது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

"தம்பி, எழுத்து கொஞ்ச நாள் இருந்து, அப்பறம் எடுத்திருந்தாலும் நிழல் இருக்குமா?"

"எத்தனை நாள்?"

"ஒரு நாலஞ்சு வருஷம் இருந்துச்சு. அதுக்கு மேல வேற ஒண்ண ஒட்டிட்டாங்க."

"அப்ப லேசா இருக்கும்மா. மேல ஒட்டுனது காப்பாத்தி வச்சிருக்கும்."

"அந்தச் சாமி படத்த எடு."

ரஃபீக் முன்கதவைப் பார்த்தார். சூட்டு மெஷினைக் கையில் பிடித்தபடி நின்றார். "அத மட்டும் நீங்க எடுத்துருங்கம்மா. நான் சூடு காட்டுறேன். உங்க சாமி படத்துல நான் நகத்த வைக்கக் கூடாது. நல்லாருக்காது."

"ஒன்னும் இல்ல பாஸ், எடுங்க," என்றான் ஜீவன்.

"இல்லண்ணே. அம்மா எடுக்கட்டும்."

வெயிலில் முதலில் ஓடிப்போகிற நிறம் சிவப்பாம். சாமி, சிவப்புப் புடவை வெளுத்து, என்னை மாதிரியே வெள்ளைப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள். காசு கொட்டின கையில் காசு தெரியவில்லை. நெற்றியில் மட்டும் போன வெள்ளிக்கிழமை நான் வைத்த சந்தனம் கழுவியும் போகாமல் ஒட்டியிருந்தது. வாராவாரம் வைப்பேன். வேன் வெளியே கிளம்பும் முன்னே சூடம் காட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்து, "தாயே, சோறு குழையாம பாத்துக்க," என்று கும்பிடுவேன்.

ரஃபீக் சூடு காட்டினார். "மன்னிச்சுக்க தாயே," என்று ஓரத்தில் நகத்தை வைத்தேன். கால் வந்தது, தாமரை வந்தது, பாதி உடம்பு வந்தது. முழுப் படமும் ஒரே தோலாகக் கையோடு வந்துவிட்டது.

கீழே, லேசாக, ஆனால் யாரும் இல்லையென்று சொல்ல முடியாதபடி, 'க' இருந்தது. பக்கத்தில் புள்ளி.

"ஜீவா, இங்க வா. வந்து பாரு."

அவன் வந்தான். குனிந்து பார்த்தான். அவன் மலாய்ப் பள்ளியில் படித்தவன், தமிழ் எழுத்து தெரியாது. அங்கே சேர்த்தது அவன் அப்பா.

"இது என்னா எழுத்து?"

"நான் சொன்னா நம்ப மாட்ட. தம்பி, நீ படிச்சுச் சொல்லு."

"'க'ண்ணே," என்றார் ரஃபீக். "'க' போட்டுப் புள்ளி. இனிஷியல் மாதிரி இருக்கு."

"க. தனலெட்சுமி," என்றேன். முன்கதவில் இருந்ததையும் இழுக்கும் கதவில் இருந்ததையும் விரலால் சேர்த்துப் படித்துக் காட்டினேன். "பாத்தியா? சாமிக்கு இனிஷியல் உண்டா? சொல்லு. கிறுக்கச்சியா நானு? ஷாமினியோட பெரியம்மாவா நானு?"

"இல்லம்மா." அவன் குரல் இறங்கிவிட்டது. "இருந்திருக்கு. நீங்க சொன்னது சரிதான்."

அந்த ஒரு நிமிஷம் எனக்குப் போதும் போல இருந்தது. ஏதாவது சொல்லவேண்டுமென்று, "பூச்சோங்லயும் தமிழ்லயே போடு. உனக்குப் படிக்கத் தெரியலன்னா நான் படிச்சுக் காட்டுறேன்," என்றேன்.

ஜீவன் நகரவில்லை. அந்த 'க'வை விரலால் தடவிக்கொண்டிருந்தான். பிறகு நகத்தால் தடவினான்.

"பாஸ், இங்க வாங்க. இது என்னா கோடு?"

ரஃபீக் குனிந்தார். நானும் குனிந்தேன். எழுத்தைச் சுற்றி, எழுத்தின் மேலேயே, மயிரிழை மயிரிழையாகக் கீறல். எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, வரிவரியாக. இழுக்கும் கதவில் இருந்த எழுத்து ஒன்றிலும் அது இல்லை.

"ஸ்டிக்கர் மழையில தானா உரிஞ்சு விழுந்தா கோடு வருமா?"

ரஃபீக் என்னைப் பார்த்தார். துணியை மடித்தார், பிரித்தார். "வெயில்ல வண்டி கிடந்தா எல்லாக் கோடும் வரும்ண்ணே."

"பாஸ். வருமா வராதா?"

"வராது."

"அப்ப இது?"

"பிளேடு." அவர் மெதுவாகத்தான் சொன்னார். "மொகம் வழிக்கிற பிளேடு மாதிரி இருக்கு. சூடு காட்டி எடுத்திருந்தா தடமே இருக்காது. யாரோ அவசரத்துல சொரண்டியிருக்காங்க."

அவசரம் என்றது அவருடைய மரியாதை. என் வீட்டுக்காரருக்கு அவசரம் வந்து நான் பார்த்ததே இல்லை. கோபம்தான் வரும். அதுவும் சத்தமில்லாமல் வரும்.

எனக்கு அந்தக் கல்யாணம் ஞாபகத்துக்கு வந்தது. கிள்ளானில் ஒரு மண்டபம். பெரிய ஆர்டர். சாப்பாடு நன்றாக இருந்ததென்று சமையல்காரர்களுக்குப் பொன்னாடை போடக் கூப்பிட்டார்கள். மைக் பிடித்த ஆள் வாசலில் நின்ற வேனைப் பார்த்துவிட்டு, "திருமதி க. தனலெட்சுமியும், தனலெட்சுமியின் வீட்டுக்காரரும் மேடைக்கு வரவும்," என்றான். மண்டபமே சிரித்தது. "யோவ், உனக்கே அங்க பேரு இல்லையாய்யா?" என்று யாரோ கத்தினார்கள். அவரும் சிரித்துக்கொண்டேதான் பொன்னாடையை வாங்கினார். வண்டியில் திரும்பும்போது, "அவனுங்க கெடக்கிறானுங்க. என் எழுத்துதானே உன் பேருக்கு முன்னால நிக்குது," என்றார். எனக்கு அது இனிப்பாக இருந்தது.

அடுத்த வாரம் ப்ரிக்ஃபீல்ட்ஸிலிருந்து சாமி படத்தோடு வந்தார். "மழையில எழுத்து விழுந்துட்டு தனம். வெறுமன இருக்கேன்னு தனலெட்சுமியவே கொண்டாந்துட்டேன். சூடம் கொண்டா," என்றார். நான் சூடம் கொண்டுவந்தேன். தேங்காய் உடைத்தேன். அன்றைக்கு வைக்க ஆரம்பித்த சந்தனம்தான்.

தன் எழுத்தை உரித்தால் பெயர் அநாதையாகிவிடும், பிறகு அது யார் பெயரென்று அவர் சொல்கிறபடி சொல்லிக்கொள்ளலாம். அந்தக் கணக்கு எனக்கு இவ்வளவு நாள் கழித்து மேருவில் புரிந்தது. அநாதைப் பெயரின் மேலே மூடிவைத்த படத்துக்கு நானே வெள்ளிக்கிழமைதோறும் பொட்டு வைத்திருக்கிறேன்.

"மா," என்றான் ஜீவன்.

"சொல்லு."

"அப்பாதான் எடுத்திருக்காரு."

"தெரியுது."

"அவரே வேணாம்னு எடுத்துட்டாரும்மா. அப்ப அவரு என்கிட்ட சொன்னதுதான் சரி. மொதல்ல உங்க பேரா இருந்திருக்கலாம். அப்பறம் சாமி பேராத்தான் இருந்திருக்கு."

"நீ சத்தியம் பண்ணியே."

"எழுத்து இருந்துச்சுன்னா மாத்தலைன்னு சொன்னேன். அப்பாவே எடுத்ததுக்கு நான் என்ன பண்ண? அவரு விருப்பத்துக்கு மேல நான் எப்படிப் போக?"

செத்துப்போன மனுஷனின் பிளேடை எடுத்து அவன் அவ்வளவு பக்குவமாக வீசினான். இவ்வளவு நேரம் என் சாட்சியாக நின்ற எழுத்து அவன் பக்கம் போய் நின்றுகொண்டது.

"உங்கப்பா மாதிரியே பேசுறடா," என்றேன்.

"தேங்ஸ்மா," என்றான். நான் சொன்னது அவனுக்குப் புரியவில்லையா, புரிந்துதான் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ரஃபீக் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் இருவருக்கும் நடுவில் ஏதோ ஓர் இடத்தைப் பார்த்துக் கேட்டார். "நிழல வைக்கவா, எடுக்கவா? சில பேரு வச்சுக்கிடுவாங்க. ஞாபகமா இருக்கும்னு."

"எடுங்க பாஸ்."

"அம்மா?"

"வண்டிக்காரர் சொல்லிட்டாருல்ல, எடு," என்றேன்.

மெஷின் ஓடியது. 'கேட்டரிங்' முதலில் போனது. பிறகு பின்னாலிருந்து முன்னால், 'மி', 'சு', 'ட்'. ஒவ்வொன்றும் சுற்றியிருந்த நீலத்தில் கரைந்தது. கதவு புதுசாக வந்துகொண்டிருந்தது. பட்டறைக் கூரையின் விளக்கு அதில் தெரிந்தது, என் முகம் தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முன்கதவுக்கு வந்ததும் ரஃபீக் இரண்டு தேய்ப்பில் நிறுத்திவிட்டார்.

"இதுக்கு மேல முடியாதுண்ணே. பிளேடு பட்ட எடத்துல பெயிண்டு மெல்லிசா இருக்கு. தேய்ச்சா வெள்ளை வந்துரும்."

"அப்ப அந்த எழுத்து?"

"லேசா தெரியும். நேரா பாத்தா தெரியாது. சாஞ்ச வெயில்ல தெரியும்."

"பரவால்ல. அது மேலதான் ஜே. வரும்."

ஆக என் பெயர் முழுக்கப் போய், அவர் எழுத்து மட்டும் நின்றது. சுரண்டினவருக்கே அது நிலைத்தது.

கிளம்பும்போது ரஃபீக், உரித்த சாமி படத்தைச் செய்தித்தாளில் சுற்றி என்னிடம் நீட்டினார். "கீழ போட மனசு வரலம்மா. நீங்க வச்சுக்குங்க."

"கோயில் மரத்தடியில வச்சிர்றேன் தம்பி. அவ மேல எனக்கு என்ன கோவம். அவளையும் கேக்காமத்தான ஒட்டுனாரு."

புது கிச்சன் திறக்கிற வாரம் ஜீவன் பூச்சோங்கிலிருந்து கிள்ளான் வீட்டுக்குப் பிளாஸ்டிக் வாளிகளோடு வந்தான். ஷாமினியும் கூட வந்தாள்.

"மசாலா அரைச்சாச்சாம்மா?"

"இல்ல."

"ஒடம்பு முடியலையா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. சாமிகிட்ட கேளு. தனம் குடுக்கிறவ மசாலா குடுக்க மாட்டாளா?"

ஜீவனின் முகம் சுருங்கியது. "மா, சின்னப் பிள்ளை மாதிரி பண்ணாதீங்க. ஞாயித்துக்கிழமை பெரிய கல்யாணம். நம்ம பக்கத்து வீட்டு வீரம்மா அக்கா பேத்திக்கு."

"தெரியும். எனக்கும் பத்திரிகை வந்திருக்கு. விருந்தாளியா வரேன்."

"வேணாங்க, விடுங்க," என்றாள் ஷாமினி அவனிடம். கோபமே இல்லாமல் சொன்னாள். "அத்தையைக் கஷ்டப்படுத்தாதீங்க. மேருவுல மொத்தமா பாக்கெட்ல விக்கிறாங்க. நான் சாம்பிள் வாங்கிப் பாத்துட்டேன்."

முன்பே வாங்கிப் பார்த்திருக்கிறாள். நான் மறுப்பேன் என்று எனக்கே தெரியாத நாளில் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வாளிகள் காலியாகத் திரும்பிப் போயின.

ஞாயிற்றுக்கிழமை எதற்காகப் போனேன் என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன். யாராவது ஒருவர் இலையில் முகம் சுளிப்பதைப் பார்க்கத்தான் போனேன். "என்னா, தனம் கை மாறிப்போச்சா?" என்று ஒரே ஒரு வாய் கேட்டால் போதும் என்றுதான் போனேன்.

பந்தியில் எனக்குப் பக்கத்தில் சுங்கை பூலோ அமுதவள்ளி உட்கார்ந்தாள். கிள்ளானில் எந்தக் கல்யாணம் என்றாலும் வருவாள். என் சாம்பாருக்காகவே வருகிறேன் என்று சொல்லிச் சொல்லி உடம்பு வளர்த்தவள். அவள் சோற்றில் சாம்பாரை ஊற்றிப் பிசைந்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் இலையில் ஊற்றினதை நான் தொட்டு நாக்கில் வைத்துவிட்டேன். தனியாவை வறுக்காமலே அரைத்த பாக்கெட் தூள். பச்சை வாடை மூக்கில் ஏறியது.

அமுதவள்ளி ஒரு வாய் விழுங்கினாள். இரண்டாவது வாய் விழுங்கினாள்.

"என்னாதான் சொல்லு தனம்," என்றாள். "எத்தனை பேரு கேட்டரிங் பண்ணட்டும். உன் கை மணம் யாருக்கும் வராது."

"நான் சமைக்கல அமுதா."

"உன் மகன்தானே? எல்லாம் ஒரு கைதான். வேன் கூட வெளிய புதுசா மின்னுது. பாத்து பூரிச்சுப் போயிட்டேன். கொஞ்சம் சாம்பாரு ஊத்துங்க தம்பி, இந்தப் பக்கம்."

அவள் இரண்டாம் முறையும் வாங்கினாள். எதிர் வரிசையில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பாயசம் வந்தது. இலையை மடித்தார்கள். எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். வீரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன் புண்ணியத்துல மானம் போவாம முடிஞ்சது தனம்," என்று கண் கலங்கினாள். நான் அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

வாசலுக்கு நேரே வேன் நின்றது. சாயங்கால வெயில் பக்கவாட்டில் அடித்தது. கருநீலம், கண்ணாடி மாதிரி. வெள்ளையில் ஜே.எஸ். கேட்டரிங். முன்கதவில் ஜே.யின் கொக்கி மட்டும் ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. ஜீவன் கட்டைவிரலால் அதை அழுத்திக்கொண்டிருந்தான். விட்டால் எழும்பியது. மறுபடி அழுத்தினான்.

என்னைப் பார்த்தான். "சாப்பிட்டீங்களாம்மா?"

"சாப்பிட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

"எல்லாரும் நல்லாருக்குன்னாங்க."

அவன் தலையாட்டினான். விரலை எடுக்கவில்லை. "ரெண்டு தடவ புதுசு மாத்தி ஒட்டிட்டேன். இந்த எடத்துல மட்டும் ஒட்ட மாட்டேங்குது."

"கீறுன எடம்டா. ஒட்டாது."

"வேற என்னா பண்றது?"

"சாமி படம் ஒண்ணு வாங்கி ஒட்டு," என்றேன். "ப்ரிக்ஃபீல்ட்ஸ்ல கெடைக்கும்."

வீரம்மா வீட்டு வண்டியில் இடம் இருந்தது. அதில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.